பழைய டெஸ்க்டாப்பில் கார்டு வேலை செய்யவில்லையா? பிழையைப் படிப்படியாகத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

பழைய 386 அல்லது 486 கணினியில் ஒரு சவுண்டு கார்டைச் செருகுகிறீர்கள், சத்தம் வரவில்லை. நெட்வொர்க் கார்டைச் செருகியதும் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் நின்றுவிடுகிறது. வீடியோ கார்டை மாற்றியதும் திரை கறுப்பாகவே நிற்கிறது. மூன்றுக்கும் சட்டென்று வாயில் வரும் தீர்ப்பு, "கார்டு போயிடுச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. பல வருடம் பெட்டிக்குள் கிடந்த கார்டு மக்கர் செய்வதற்குக் காண்டாக்டில் படிந்த அழுக்கோ, ஸ்லாட்டில் சரியாக உட்காராததோ, பக்கத்துக் கார்டோடு முகவரி மோதுவதோதான் அடிக்கடி காரணமாக இருக்கும். சிப்பே எரிந்துபோவது குறைவு.

அதனால்தான் இந்த வரிசை: கண்ணால் பார்ப்பது, மின்சாரத்தை அளப்பது, காண்டாக்டைச் சுத்தம் செய்வது, கணினியைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவருவது, பிறகு மோதல்களைத் தேடுவது. சால்டரிங் அயர்னுக்கு வேலை கடைசியில்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டு ஜம்பரை (அமைப்பை மாற்ற ஊசிகள் மேல் மாட்டும் சிறு இணைப்பான்) சேர்த்து மாற்றி கார்டு ஓட ஆரம்பித்துவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது. அடுத்த கார்டைச் செருகும்போது அதே தலைவலி திரும்ப வரும்.

## தொடங்கும் முன்: எந்த ஸ்லாட், எந்த மின்னழுத்தம்

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஸ்லாட் 62 காண்டாக்ட் கொண்ட 8 பிட் ஸ்லாட். 1984-இல் ஏடி வந்தபோது அதற்கு முன்னால் 36 காண்டாக்ட் கொண்ட இன்னொரு துண்டைச் சேர்த்து 16 பிட் ஆக்கினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் ஐஎஸ்ஏ என்கிறோம். 486 காலத்தில் அதற்கும் முன்னால் மூன்றாவது துண்டாக வந்தது விஎல்பி. வெள்ளையாக, நெருக்கமான காண்டாக்டோடு இருப்பது பிசிஐ. பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்தள்ளி இருப்பது 1997-இல் வந்த ஏஜிபி.

ஏஜிபியில் மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முதல் தலைமுறைக் கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை, பின்னால் வந்தவை 1.5 வோல்ட். தவறானதைச் செருக முடியாதபடி ஸ்லாட்டில் ஒரு தடுப்பும் கார்டில் அதற்கேற்ற வெட்டும் இருக்கும். ஆனால் வெட்டு தவறாக இருந்த மலிவுக் கார்டுகளும் சந்தையில் வந்திருக்கின்றன. கார்டின் சிப் எண்ணைப் பார்த்து மின்னழுத்தத்தை உறுதிசெய்த பிறகே செருகுங்கள். தவறினால் கார்டோடு மதர்போர்டும் போகலாம்.

ஐபிஎம் எக்ஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பவர் சப்ளை பக்கம் இருக்கும் எட்டாவது ஸ்லாட் மற்ற ஏழைப் போன்றதல்ல. அதில் செருகும் கார்டு, தான் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஒரு சிக்னலைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு வசதி இல்லாத கார்டு அங்கே ஊமையாகவே இருக்கும். நல்ல கார்டைக் குப்பையில் போட வைக்கும் ஸ்லாட் அது.

## படி 1: திறப்பதற்கு முன்னும் திறந்ததும்

பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஏடி காலப் பெட்டிகளில் முன்பக்க சுவிட்சுக்குப் போகும் தடித்த கம்பிகளில் வீட்டு மின்சாரமே நேரடியாகப் போகிறது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்தக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அவற்றின் மேல் இருக்கும் ரப்பர் உறை வெடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கார்டு காத்திருக்கட்டும்.

பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கார்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு ஜம்பரையும் கேபிளையும் படம் பிடியுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூடப் பின்னால் தேவைப்படும். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) அமைப்புப் பக்கங்கள் திறக்குமானால் அவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் ஓடும்போது கார்டைச் செருகுவதும் உருவுவதும் கூடவே கூடாது. இந்த பஸ்கள் (ஸ்லாட்டுகளை இணைக்கும் கம்பித் தடங்கள்) அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கிறதா? கசிந்திருந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அந்தக் காரம் பக்கத்து ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குள்ளும் இறங்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காண்டாக்டை அரித்துவிடும். எந்தக் கார்டைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தகராறு என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

கார்டில் பார்க்க வேண்டியவை: சாக்கெட்டில் இருக்கும் சிப்கள் பாதி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றனவா? பல வருடம் சூடாகிக் குளிர்ந்ததில் அவை தானாக நகர்ந்து மேலே வரும். கட்டைவிரலால் சீராக அழுத்தினாலே பல கார்டுகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழித்து எழுதும் நினைவகம்) சிப்பின் கண்ணாடி ஜன்னல் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

## படி 2: மல்டிமீட்டர்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஷார்ட் ஆன கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டால் நல்ல பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அணைந்துவிடும், மோசமானது புகையும். இரண்டு நிமிட வேலைதான், செய்துவிடுங்கள்.

ஐஎஸ்ஏ கார்டைத் திருப்பி சிப்கள் இல்லாத பக்கத்தைப் பாருங்கள். உலோகத் தகடு இருக்கும் முனையிலிருந்து காண்டாக்ட்களை எண்ணினால் 1-ஆவது கிரவுண்டு, 3-ஆவது +5 வோல்ட், 5-ஆவது -5 வோல்ட், 7-ஆவது -12, 9-ஆவது +12, 10-ஆவது மறுபடியும் கிரவுண்டு. கார்டு வெளியே இருக்கும்போது ஒவ்வொரு மின்னழுத்தக் காண்டாக்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஓம் அளவை எடுங்கள். ஓரிரு ஓமோ அதற்கும் கீழோ காட்டினால் அது ஷார்ட். குற்றவாளி பெரும்பாலும் டேன்டலம் கெபாசிட்டர்தான், குறிப்பாக 12 வோல்ட் லைனில் இருப்பது. சிறிய துளி வடிவில், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இது பழுதாகும்போது ஷார்ட் ஆகித்தான் பழுதாகும், சில நேரம் தீப்பொறியோடு.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். டேன்டலத்தில் கோடோ குறியோ இருக்கும் பக்கம் பிளஸ். பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டால் சுவிட்சைப் போட்ட உடனே வெடிக்கும். 12 வோல்ட் லைனுக்கு 16 வோல்ட் கெபாசிட்டரே இருந்திருந்தாலும், புதிதாகப் போடுவது 25 வோல்ட்டாக இருக்கட்டும்.

அடுத்து பவர் சப்ளை. ஏடி மதர்போர்டுக்கு வரும் இரண்டு பிளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் செருகும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இந்த வழிகாட்டிக்கே வேலை இருக்காது. இயந்திரத்தை ஓடவிட்டு, ஹார்டு டிஸ்க் பிளக்கில் அளந்து பாருங்கள்: சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில், மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருந்தால் சரி. பழைய பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் ஓடவே மாட்டா. தனியாக மேசைமேல் வைத்து அளந்துவிட்டு "இது செத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள்.

பழைய பெட்டியில் புதிய ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை அடாப்டர் போட்டு இணைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதியவற்றில் -5 வோல்ட் கிடையாது. பெரும்பாலான கார்டுகள் அதைக் கேட்பதே இல்லை. ஆரம்பகாலச் சவுண்டு கார்டுகள் சில கேட்கும். எல்லாம் சரியாக அடையாளம் தெரிந்து, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை, அல்லது நசுங்கி வருகிறது என்றால் கார்டின் 5-ஆவது காண்டாக்டிலிருந்து ஏதாவது தடம் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் -12 வோல்ட்டிலிருந்து 7905 ரெகுலேட்டர் வைத்து -5 உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்கென்றே செய்த சிறு அடாப்டர்களும் உண்டு.

## படி 3: காண்டாக்டும் தகடும்

காண்டாக்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு வராத துணியால், மேலிருந்து கீழாக, கார்டின் விளிம்பை நோக்கித் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. பென்சில் அழிப்பானால் தேய்ப்பது பலர் சொல்லும் வழி. மென்மையான வெள்ளை அழிப்பானாக இருந்து, இரண்டு மூன்று தடவையோடு நிறுத்தினால் பரவாயில்லை. மணல் கலந்த கடின அழிப்பான் தங்க முலாமையே சுரண்டிவிடும். அதன் பிறகு அந்தக் கார்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் கேட்கும். என்னைக் கேட்டால் ஆல்கஹாலே போதும்.

ஸ்லாட்டை முதலில் காற்றால் ஊதிவிட்டு காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, முக்கியமில்லாத ஒரு பழைய கார்டை அதில் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுங்கள். கிளீனர் முழுக்க ஆவியாகும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

அப்புறம் பலரும் கண்டுகொள்ளாத ஒன்று: பெட்டியின் பின்பக்கத்தில் கார்டைத் திருகி இறுக்கும் உலோகத் தகடு. வளைந்த பெட்டியில் திருகை இறுக்கும்போது தகடு கீழே இறங்கும், கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பும். திருகு இல்லாமல் ஓடுகிறது, திருகினால் நின்றுவிடுகிறது என்றால் காரணம் இதுதான். தகட்டைக் கழற்றிக் கொஞ்சம் வளைத்து நேராக்குங்கள். விஎல்பி கார்டுகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அவை நீளமானவை, செருகவும் நிறைய பலம் கேட்பவை. கீழே மதர்போர்டு வளைகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அடியில் ஒரு கையைக் கொடுத்துச் செருகுங்கள்.

## படி 4: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்

மதர்போர்டு, நினைவகம், வீடியோ கார்டு, கீபோர்டு, ஸ்பீக்கர். இவ்வளவுதான். இந்த நிலையில் திரை வருகிறதா?

வரவில்லை என்றால் பீப் சத்தத்தைக் கேளுங்கள். ஐபிஎம், அவார்டு பயாஸ்களில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறுகிய பீப்பும் வந்தால் வீடியோ கார்டு சரியாகக் கிடைக்கவில்லை என்று பொருள். ஏஎம்ஐ பயாஸில் எட்டுக் குறுகிய பீப் வந்தால் வீடியோ நினைவகத்தில் பிழை. ஐபிஎம் இயந்திரங்களில் திரை வந்த பிறகு எண்ணாகவும் சொல்லும்: 601 என்றால் ஃபிளாப்பி, 1701 என்றால் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர்.

சத்தமே இல்லை என்றால் ஒரு போஸ்ட் கார்டு உதவும். பயாஸ் ஒவ்வொரு சோதனையின்போதும் 80 என்ற போர்ட்டுக்கு ஒரு எண்ணை அனுப்பும். அதை இந்தக் கார்டு சிவப்பு எழுத்தில் காட்டும். அந்த எண்ணின் பொருள் பயாஸுக்கு பயாஸ் மாறும் என்பதால் உங்கள் பயாஸின் பட்டியலையே பாருங்கள். எண் மாறவே இல்லை, வெறுமையாகவே நிற்கிறது என்றால் கோளாறு பிராசஸர் அல்லது மதர்போர்டு பக்கம். கார்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எக்ஸ்டி வகை இயந்திரத்தில் வீடியோ கார்டை மாற்றினால் மதர்போர்டில் இருக்கும் டிப் சுவிட்சையும் மாற்ற வேண்டும். ஐபிஎம் எக்ஸ்டியில் 5, 6 என்ற இரண்டு சுவிட்சுகள்தான் எந்த வகை டிஸ்ப்ளே என்று சொல்கின்றன. மோனோ (ஒற்றை நிற) கார்டுக்கு வைத்த நிலையிலேயே சிஜிஏ (ஆரம்பகால வண்ண) கார்டைச் செருகினால் திரை வராமல் போகலாம். 9 ஊசி சாக்கெட் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மோனோ மானிட்டரை சிஜிஏ கார்டில் இணைக்காதீர்கள். அதிர்வெண் பொருந்தாமல் மானிட்டரே கெட்டுப்போகலாம்.

திரை வந்துவிட்டதா? இப்போது ஒவ்வொரு கார்டாகச் சேருங்கள்: முதலில் டிஸ்க் கன்ட்ரோலர், பிறகு மற்றவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு முழுமையாக பூட் செய்து பாருங்கள். எந்தக் கார்டைச் சேர்த்ததும் பழையது ஒன்று நின்றதோ, அங்கே மோதல் இருக்கிறது.

## படி 5: மோதல்கள்

நேரம் அதிகம் போவது இங்கேதான், வெற்றியும் இங்கேதான் அதிகம். கீழே வரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள். ஒரு காகிதத்தில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் கம்பி), டிஎம்ஏ (பிராசஸர் இல்லாமலே நினைவகத்தோடு தரவு பரிமாறும் வழி), ஐஓ போர்ட் (பிராசஸர் கார்டோடு பேசும் கதவு எண்), நினைவக முகவரி. ஒவ்வொரு கார்டின் ஜம்பரையும் பார்த்து நிரப்புங்கள். மென்பொருளைக் கேட்டு நிரப்பாதீர்கள், மோதல் இருக்கும்போது மென்பொருளும் ஏமாந்துபோகும்.

ஐஆர்க்யூ. ஏடி வகையில் 16 உண்டு, ஆனால் உண்மையில் கையில் கிடைப்பவை சில மட்டுமே. 0 டைமர், 1 கீபோர்டு, 2 இரண்டாவது இன்டரப்ட் சிப்புக்கு, 3-உம் 4-உம் சீரியல் போர்ட்டுகள், 6 ஃபிளாப்பி, 7 பிரிண்டர், 8 கடிகாரம், 12 பிஎஸ்2 மவுஸ், 13 கணிதச் சிப், 14-உம் 15-உம் ஐடிஇ (ஹார்டு டிஸ்க் இணைப்பு). மிஞ்சுவது 5, 9, 10, 11. எட்டு பிட் கார்டுக்கு 10, 11 எட்டாது, ஏனென்றால் அந்தக் கம்பிகள் நீட்டிப்புத் துண்டில்தான் இருக்கின்றன. கார்டில் 2 என்று எழுதியிருக்கும் ஜம்பர் ஏடியில் 9 ஆகிவிடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டியில் 5-ஐ ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். சவுண்டு கார்டை 5-இல் வைத்ததும் டிஸ்க் தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஐஎஸ்ஏயில் இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மூன்றாவது சீரியல் போர்ட் 4-லும் நான்காவது 3-லும் இருப்பது வழக்கம். முதல் போர்ட்டில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் வைத்தால் மோடம் டயல் செய்யும்போது மவுஸ் உறைவது இதனால்தான். பிரிண்டரின் 7-ஐ டாஸ் நிரல்கள் அனேகமாகப் பயன்படுத்துவதில்லை, அதனால் நெருக்கடியில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐஓ போர்ட். ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்குப் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அதுதான் இங்கேயும். கவனிக்க வேண்டியது கார்டு எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு நீளம் எடுக்கிறது என்பதும். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு 32 போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளும். 300-இல் வைத்தால் 31எஃப் வரை, பிரச்சினை இல்லை. 320-இல் வைத்தால் 33எஃப் வரை போகும், அதற்குள் 330-இல் இருக்கும் மிடி (இசைக் கருவி இணைப்பு) போர்ட் அகப்பட்டுக்கொள்ளும். 360-இல் வைத்தால் 37எஃப் வரை, அதற்குள் 378-இல் பிரிண்டர் இருக்கிறது. நெட்வொர்க் கார்டைச் செருகியதும் பிரிண்டர் நிற்கும் கதை இதுதான்.

இன்னொரு நுணுக்கம். பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் முகவரியின் 10 பிட்டை மட்டும் பார்க்கும், மேலே இருப்பதைக் கண்டுகொள்ளாது. எஸ்3 வீடியோ சிப்கள் 42இ8, 82இ8 போன்ற முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் கடைசி 10 பிட் 2இ8, அதாவது நான்காவது சீரியல் போர்ட். எஸ்3 கார்டு இருக்கும் இயந்திரத்தில் நான்காவது சீரியல் போர்ட்டை அணைத்துவிடுவதே நல்லது.

மல்டி ஐஓ கார்டைச் செருகும்போது மதர்போர்டிலேயே ஐடிஇயும் ஃபிளாப்பியும் சீரியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தால் இரண்டும் 1எஃப்0-க்குச் சண்டை போடும். ஒரு பக்கத்தை முழுக்க அணைத்துவிடுங்கள்.

டிஎம்ஏ. 2 ஃபிளாப்பிக்கு, 4 உள்வேலைக்கு. கிரியேட்டிவின் சவுண்டு பிளாஸ்டர் சவுண்டு கார்டுக்கு வழக்கமாக 1, அதன் 16 பிட் ஒலிக்கு 5. பயாஸில் பிரிண்டர் போர்ட்டை ஈசிபி என்ற வேகமான முறையில் வைத்திருந்தால் அது 3-ஐயோ 1-ஐயோ சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் என்றால் அதைச் சாதாரண முறைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

நினைவக முகவரி. கார்டில் சொந்த பயாஸ் ரோம் (படிக்க மட்டுமான நினைவகம்) சிப் இருந்தால் அது சி0000-க்கும் டிஎஃப்எஃப்எஃப்எஃப்-க்கும் நடுவில் எங்கோ உட்காரும். விஜிஏ வீடியோ கார்டு சி0000-இல், பழைய டிஸ்க் கன்ட்ரோலர்கள் வழக்கமாக சி8000-இல். கணினியின் பயாஸ் இந்தப் பகுதியை 2 கிலோபைட் இடைவெளியில் தேடிப்போய், 55, ஏஏ என்ற இரண்டு பைட்டைக் கண்டால், அடுத்த பைட்டில் இருக்கும் நீளத்தை எடுத்துக்கொண்டு எல்லா பைட்டையும் கூட்டிப் பார்க்கும். கூட்டலின் கடைசி பைட் பூஜ்யமாக வராவிட்டால் கார்டின் பயாஸை இயக்காது; கார்டு இல்லாதது போலவே இருக்கும். டாஸில் டீபக் நிரலைத் திறந்து, டி கட்டளையால் சி800:0 என்ற முகவரியைப் பாருங்கள். எல்லாமே எஃப்எஃப் என்றால் சிப் அங்கே இல்லை அல்லது ஜம்பர் அணைத்திருக்கிறது. 55, ஏஏ இருந்தும் கார்டு எழும்பவில்லை என்றால் சிப்பில் சில பிட்கள் அழிந்திருக்கலாம்.

16 பிட் விஜிஏவும் 8 பிட் டிஸ்க் கன்ட்ரோலரும் தனித்தனியாக ஓடி, சேர்ந்தால் மட்டும் உறைவது ஒரு பிரபலமான புதிர். காரணம்: ஒரு நினைவகப் பகுதி 16 பிட்டா 8 பிட்டா என்று ஐஎஸ்ஏ முடிவெடுப்பது 128 கிலோபைட் துண்டுகளாக. விஜிஏ தன் ரோம் சிப்பை 16 பிட் என்று அறிவித்தால் அதே துண்டில் இருக்கும் 8 பிட் கன்ட்ரோலரின் பயாஸும் 16 பிட்டாகப் படிக்கப்பட்டு, பாதி பைட்கள் குப்பையாக வரும். விஜிஏ கார்டில் பயாஸை 8 பிட் ஆக்கும் ஜம்பர் இருந்தால் மாற்றுங்கள், புதிர் தீர்ந்துவிடும்.

வெறும் டாஸில் ஓடும் நெட்வொர்க் கார்டு, முழு அமைப்போடு பூட் செய்தால் ஓடவில்லையா? எம்எஸ்-டாஸ் 6 தொடங்கும்போது எஃப்5 அழுத்தி எல்லாவற்றையும் தவிர்த்துப் பாருங்கள்; எஃப்8 அழுத்தினால் வரிக்கு வரி கேட்கும். பெரும்பாலும் மாட்டுவது இஎம்எம்386 என்ற நினைவக மேலாண்மை நிரல். அது கார்டின் நினைவகம் இருக்கும் இடத்தைக் காலி இடம் என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரி வரம்பை எக்ஸ் விருப்பத்தால் விலக்கிவிடுங்கள்.

## படி 6: சவுண்டு கார்டு

அதிகம் அழ வைப்பது இதுதான் என்பதால் தனியாக.

கார்டு இருக்கிறதா என்று எந்த டிரைவரும் இல்லாமலே சோதிக்கலாம். டீபக்கில் ஓ கட்டளையால் 226 போர்ட்டுக்கு 1 அனுப்புங்கள், பிறகு அதே போர்ட்டுக்கு 0 அனுப்புங்கள், பிறகு ஐ கட்டளையால் 22ஏ போர்ட்டைப் படியுங்கள். ஏஏ என்று வந்தால் 220-இல் சவுண்டு பிளாஸ்டர் உயிரோடு பதில் சொல்கிறது. எஃப்எஃப் வந்தால் அந்த முகவரியில் யாரும் இல்லை; கார்டு 240-இல் இருந்தால் 246, 24ஏ என்று மாற்றி முயலுங்கள்.

பதில் வந்தும் விளையாட்டில் சத்தம் இல்லையா? அறிகுறியே காரணத்தைக் காட்டும். இசை வருகிறது, பேச்சும் வெடிச் சத்தமும் இல்லை என்றால் டிஎம்ஏ தவறு. பழைய விளையாட்டுகளின் இசை 388 போர்ட்டில் இருக்கும் சிப்பிலிருந்து வருகிறது, அதற்கு டிஎம்ஏ தேவையில்லை. ஒரு துண்டுச் சத்தம் வந்து அதுவே திரும்பத் திரும்ப ஓடினால், அல்லது முதல் சத்தத்திலேயே இயந்திரம் உறைந்தால் ஐஆர்க்யூ தவறு. இரண்டும் சரியாக இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பிளாஸ்டர் சூழல் மாறியைப் பாருங்கள்: ஏ220, ஐ5, டி1, எச்5, பி330, டி6 என்ற வரிசை கார்டின் உண்மையான அமைப்போடு ஒத்துப்போக வேண்டும். இதில் கடைசி டி கார்டின் வகையைச் சொல்வது. ஆங்கிலத்தில் முந்தைய டியிலிருந்து வேறு எழுத்து.

இதையெல்லாம் தொடுவதற்கு முன், கார்டின் பின்பக்கத்தில் ஒலி அளவைக் கூட்டும் சிறு சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஸ்பீக்கர் சாக்கெட்டும் மைக் சாக்கெட்டும் ஒரே நிறத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

## படி 7: ஜம்பர் இல்லாத கார்டுகளும் பிசிஐயும்

ஜம்பரே இல்லாத ஐஎஸ்ஏ கார்டு தன் அமைப்பைத் தனக்குள் இருக்கும் சிறு சிப்பில் வைத்திருக்கும். 3காம் 3சி509-க்கும் ரியல்டெக் 8019-க்கும் அவற்றின் சொந்த அமைப்பு நிரல் வேண்டும், அதை டாஸில் ஓட்டிப் பார்த்து மாற்றுங்கள். பிளக் அண்டு பிளே (ஜம்பர் இல்லாமல் மென்பொருளே அமைக்கும்) சவுண்டு கார்டு டாஸில் தானாக எழும்பாமல் போகலாம். கிரியேட்டிவ் கார்டுகளுக்கு சிடிசிஎம், பல வகைக் கார்டுகளுக்கும் பொதுவாக யூனிசவுண்ட் என்று எழுப்பும் நிரல்கள் உண்டு.

பயாஸில் மூன்று இடங்களைப் பாருங்கள். பிளக் அண்டு பிளே இயங்குதளம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, டாஸ் ஓட்டுபவர்கள் இல்லை என்று வையுங்கள். ஜம்பர் வைத்த கார்டு எந்த ஐஆர்க்யூவில் இருக்கிறதோ அதைப் பழைய ஐஎஸ்ஏவுக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் பயாஸ் அதைத் தூக்கி பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். கார்டுகளை மாற்றிய பிறகு பழைய அமைப்புத் தரவை அழிக்கும் விருப்பத்தை ஒருமுறை இயக்குங்கள்.

பிசிஐ கார்டுகள் ஐஆர்க்யூவைப் பகிரலாம். ஆனால் பகிர்வதும் ஒழுங்காகப் பகிர்வதும் ஒன்றல்ல, டிரைவர்தான் காரணம். ஏஜிபியும் அதற்கு அடுத்த பிசிஐ ஸ்லாட்டும் ஒரே இன்டரப்ட் கம்பியில் இருப்பது சகஜம். அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டு சவுண்டு, நெட்வொர்க் கார்டுகளைத் தள்ளிப் போடுங்கள். ஆரம்பகால பிசிஐ போர்டுகள் சிலவற்றில் எல்லா ஸ்லாட்டும் பஸ் மாஸ்டரிங் (கார்டே பஸ்ஸை நடத்தித் தரவு அனுப்புவது) தராது, எனவே ஸ்கஸி (டிஸ்க் இணைப்பு வகை) கார்டை ஸ்லாட் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

## படி 8: சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது

அரை மணி நேரத்துக்குப் பிறகு நிற்கும் கார்டுக்குச் சூடுதான் காரணமா என்று பாருங்கள். குளிர்விக்கும் ஸ்பிரேயால் ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுப் போனால் எந்தச் சிப்பில் உயிர் திரும்புகிறது என்று தெரியும். 1990-களின் இறுதிக்குப் பின் வந்த ஏஜிபி கார்டுகளில் உப்பிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைத் தேடுங்கள்.

ஐஎஸ்ஏ பஸ்ஸின் வேகமும் ஒரு மறைமுகக் காரணம். அது 8 மெகாஹெர்ட்ஸ் அருகில் இருக்க வேண்டும். பயாஸில் பிராசஸர் கடிகாரத்தை எத்தனையால் வகுப்பது என்று கேட்கும்: 33 என்றால் 4-ஆல், 40 என்றால் 5-ஆல். யாரோ வேகத்துக்காக 3-ஆல் வகுத்து வைத்திருந்தால் பழைய கார்டுகள் மூச்சுத் திணறும். விஎல்பியில் 33 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்போது மதர்போர்டிலும் கார்டிலும் அதற்கான ஜம்பரை மாற்ற வேண்டும். 40-இல் இரண்டு விஎல்பி கார்டுகள் தடுமாறினால் ஒன்றைக் கழற்றி ஐஎஸ்ஏ கார்டால் மாற்றுவதே நிம்மதி.

## படி 9: இன்னும் ஓடவில்லை என்றால்

இப்போதுதான் கார்டின்மேல் சந்தேகப்பட உரிமை வருகிறது. அதே கார்டை, அதே ஜம்பர் நிலையில், இன்னொரு இயந்திரத்தில் சோதியுங்கள். அங்கே ஓடினால் படி 5-க்குத் திரும்புங்கள். அங்கேயும் இல்லை என்றால் கார்டின் பயாஸ் சிப்பை புரோகிராமரில் படித்து, நல்ல பிரதியோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் புதிய ஈப்ராமில் எழுதிப் போடலாம். வீடியோ கார்டில் எழுத்துகள் ஒரே இடைவெளியில் தவறாக வந்தால் நினைவகச் சிப் ஒன்று போயிருக்கிறது, சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டு பிழையும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக விளிம்புக் காண்டாக்டுக்கு அருகில் இருக்கும் 74எல்எஸ்245 போன்ற பஃபர் சிப்கள். வெளியிலிருந்து வரும் அடியை முதலில் வாங்குபவை அவை, இன்றும் எளிதில் கிடைப்பவை, சாக்கெட் வைத்து மாற்றிவிடலாம்.

கார்டின் நடுவில் இருக்கும் பெரிய தனிச் சிப்பே போயிருந்தால் அதே கார்டு இன்னொன்று கிடைத்தால்தான் வழி. அதுவரை அந்தக் கார்டில் இருக்கும் கிரிஸ்டல், ராம் சிப், தகடு எல்லாம் அடுத்த கார்டுக்கு உதிரிபாகம். என்ன பழுது என்று ஒரு சீட்டில் எழுதி அதிலேயே ஒட்டி, நிலைமின்சாரம் தாக்காத பைக்குள் போட்டுவையுங்கள்.